ஒரு விரல் உயரம்

தையல்காரிக்கு ஆளைப் பார்த்தாலே அளவு தெரிந்துவிடும். கடைக்குள் நுழைகிறவரின் தோளையும் இடுப்பையும் கண்ணாலேயே எடுத்துக்கொண்டு, அதன் பிறகு மரியாதைக்காகத்தான் கழுத்திலிருந்து டேப்பை இழுப்பாள். அப்பேர்ப்பட்டவள், ஒரு வருஷமாகத் தொட்டுத் தடவி, தேய்த்துக் குளிப்பாட்டி, முதுகில் ஏறி உட்கார்ந்து பழகிய ஒரு குதிரையை ஒரு நாள்கூட அளந்து பார்க்கவில்லை. பெரிய போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது விசில்தான் அளவுகோலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

விசில் என்பது பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்கு லாயத்தில் வைத்திருந்த பட்டப்பெயர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அதை ஊதி யாரும் கேட்டதில்லை. அவளுடைய தொண்டையே போதும், மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிற குதிரைகூடத் திரும்பிப் பார்க்கும். அன்றைக்கு அந்தத் தொண்டை எழும்பவில்லை. கழுத்து முடிந்து முதுகு தொடங்குகிற மேட்டின் மேல் கோலின் குறுக்குச் சட்டத்தை இறக்கினாள், எண்ணைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். குதிரையைச் சிமெண்டுத் தரைக்கு நகர்த்தி நிறுத்தி மறுபடியும் இறக்கினாள்.

"அக்கா, ஒரு விரல் கூடுது" என்றாள்.

தையல்காரிக்கு முதலில் உறைக்கவில்லை. துணியில் ஒரு விரல் கூடினால் மடித்துத் தைத்துவிட்டுப் போகலாம். குதிரையை எங்கே மடிப்பது?

விஷயம் இதுதான். மட்டக்குதிரை என்றால் குட்டைக் குதிரை. எவ்வளவு குட்டை என்பதற்கு ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு நூல் போனாலும் மட்டக்குதிரைப் போட்டிகளில் சேர்க்கமாட்டார்கள். சரி, பெரிய குதிரைகளோடு விடலாமே என்றால், அங்கே அதை யாரும் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள். அந்த வீட்டிலும் சேர்த்தி இல்லை, இந்த வீட்டிலும் சேர்த்தி இல்லை என்று நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

அந்தப் பெண் குதிரை தையல்காரியுடையது இல்லை, குத்தகைக்கு எடுத்தது. சொந்தக்காரர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். மூத்த மகளுக்காக வாங்கியது. மகளுக்குக் கால் நீண்டது, ஆசை குட்டையானது, படிப்பைச் சொல்லி வெளியூர் போய்விட்டாள். இளையவளோ இன்னும் மூன்று சக்கர சைக்கிளிலிருந்தே விழுகிற வயசு. அவள் வளர்கிற வரைக்கும் யாராவது தீனி போட்டு, ஓட்டி, குதிரையைக் குதிரையாக வைத்திருக்க வேண்டும். ஒரு வருஷத்துக்குத் தையல்காரியிடம் விட்டார். வருஷக் கடைசியில் வருகிற பெரிய போட்டியில் நிரந்தர உயரச் சான்று வாங்கிவிட்டால், இளையவள் சேணத்தில் ஏறுகிற வரைக்கும் குதிரை தையல்காரியிடமே இருக்கலாம். வாங்காவிட்டால், மட்டக்குதிரை என்று சொல்ல முடியாத ஒன்றைத் தன் மகளுக்காக வைத்திருந்து என்ன பிரயோஜனம்? கடற்கரையில் சவாரி விடுகிறவர் ஒருத்தர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவருக்குத் தள்ளிவிடலாம். இதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அப்போது தையல்காரியும் சேர்ந்து சிரித்தாள். சான்று கிடைக்காமல் போகும் என்று யார் கண்டது? வருஷா வருஷம் தற்காலிகச் சீட்டு வாங்கின குதிரைதானே.

தானே வாங்கிவிடுகிற பேச்சுக்கே இடமில்லை. கடையையும் மெஷின்களையும் சேர்த்து விற்றாலும் சேணத்துக்குத்தான் காணும்.

அவள் லாயத்துக்கு வந்ததே விபத்து மாதிரிதான். சேணத்துக்கு அடியில் போடுகிற மெத்தைத் துணி தைக்க ஆர்டர் என்று அளவெடுக்க வந்தாள், நாற்பது தாண்டியவள், ஆள் குள்ளம், வாழ்க்கையில் சைக்கிள்கூட ஓட்டாதவள். ஒரு கிழட்டுக் குதிரை அவள் தோளில் மோவாயை வைத்து மூச்சு விட்டது. அவ்வளவுதான், விழுந்துவிட்டாள். மறுவாரமே பயிற்சிக்குச் சேர்ந்தாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாளைக்கு இரண்டு வார்த்தை பேசுகிறவர். அவள் கால்சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போதெல்லாம், "அம்மா வீட்டுக்குக் கிளம்பியாச்சா?" என்று மட்டும் கேட்பார்.

முதன்முதலில் கையில் கொடுத்தபோது அந்தக் குதிரை கடித்தது. சேணம் போட்டால் கடிக்கும், வயிற்றுவாரை இறுக்கினால் உதைக்கும், பக்கத்துக் குதிரை தும்மினால்கூடக் காதைப் பின்னால் மடித்துக்கொள்ளும். சிடுமூஞ்சி என்று பெயர் வைத்ததில் தப்பே இல்லை. ஓடும்போது மொட்டைமாடியில் யாரையோ தேடுகிற மாதிரி தலையைத் தூக்கிக்கொள்ளும், முதுகு பழைய கயிற்றுக்கட்டிலாகத் தொய்ந்துபோகும். கால் தொடவே விடாது. லாடக்காரரை இரண்டு தரம் சுவரோடு சேர்த்து அழுத்தியிருக்கிறது.

தையல்காரி அதோடு மல்லுக்கு நிற்கவில்லை. மல்லுக்கு நிற்கத் தெம்பும் இல்லை. நடக்கவிட்டாள். மாசக்கணக்காக வெறும் நடைதான். கூட ஓட்டுகிற இளசுகள் தடை தாண்டிப் பறக்கும்போது இவள் மைதானத்தின் ஓரமாக, ஊர்வலத்தில் பின்தங்கினவள் கணக்காக நடந்துகொண்டிருப்பாள். கழுத்தைக் கீழே நீட்டு என்று கையால் கேட்பாள், பின்கால்களை வயிற்றுக்கு அடியில் கொண்டு வா என்று தன் காலால் கேட்பாள். கேட்டதைக் குதிரை ஒரு நொடி கொடுத்தால் உடனே விட்டுவிடுவாள். இப்படிக் கெஞ்சிக் கெஞ்சி, விட்டு விட்டு, ஒரு நாள் அந்தத் தொய்ந்த முதுகு சேணத்துக்கு அடியில் மெல்ல எழும்பி அவளைத் தூக்கியது. அந்த நாள் கடையில் இரண்டு சட்டைக்குக் கையை மாற்றித் தைத்தாள். அவ்வளவு சந்தோஷம். அதன் பிறகு மெல்லோட்டம் வந்தது, பாய்ச்சல் வந்தது. பக்கத்து ஊர்ச் சின்னப் போட்டி ஒன்றில் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு மோதி மூன்றாவதாகவும் வந்தார்கள். பரிசு வாங்கின தையல்காரி மேடையில் நின்ற பிள்ளைகளைவிட உயரமாக இருந்தாள். பிறந்ததிலிருந்து அவள் யாரையும்விட உயரமாக நின்றது அன்றைக்குத்தான்.

இப்போது விசில் சொன்னதைக் கேளுங்கள். எலும்பு வளரவில்லையாம். வயிற்றிலும் தோளிலும் தசை பிடித்து, தொய்ந்துகிடந்த முதுகு எழும்பிவிட்டதாம். முதுகு எழும்பினால் மேடும் எழும்பத்தானே செய்யும். ஒரு வருஷம் உயிரைக் கொடுத்து ஒழுங்காக ஓட்டினதற்குக் கிடைத்த கூலி அந்த ஒரு விரல். ஏனோதானோ என்று ஓட்டியிருந்தால் குதிரை குட்டையாகவே இருந்திருக்கும், சான்றும் கிடைத்திருக்கும். தன் கையாலேயே தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமே என்று தையல்காரி அங்கேயே வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்து வந்த நாட்களில் அவள் செய்த கூத்தை என்னவென்று சொல்ல. முதலில், சொல்லிக்கொடுத்ததை மறக்கடிக்கப் பார்த்தாள். வேண்டுமென்றே மோசமாக ஓட்டினாள். கடிவாளத்தை இழுத்துத் தலையைத் தூக்கவைத்தாள், சேணத்தில் மூட்டை மாதிரி தொம் தொம்மென்று விழுந்தாள். சிடுமூஞ்சி திகைத்து நின்றது. திரும்பி அவள் முழங்காலைப் பார்த்தது. தான் என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல், தெரிந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்து காட்டியது. கழுத்தை நீட்டியது, பின்காலைக் கொண்டு வந்தது, முதுகை இன்னும் கொஞ்சம் தூக்கியது. தையல்காரி இறங்கிவிட்டாள். ஓட்டத் தெரியாதவளாக நடிக்கக்கூடக் குதிரை விடவில்லை.

பிறகு தீனியைக் குறைத்தாள். தசை குறையவில்லை, கோபம்தான் கூடியது. மூன்றாம் நாளே வாளியை உதைத்து நசுக்கிவிட்டது. மனசு கேட்காமல் பழையபடி போட ஆரம்பித்தாள்.

கணவர் ஒரு ராத்திரிச் சாப்பாட்டில், உள்ளதை உள்ளபடி அந்தக் கண்ணாடிக்காரரிடம் போய்ச் சொல்லிவிடு என்றார். அதுதான் நியாயம் என்று அவளுக்கும் பட்டது. போனாள். அவர் வாய் நிறைய வரவேற்றார், போனில் இளைய மகளின் படத்தைக் காட்டினார். பெரிய தலைக்கவசத்துக்குள் முகம் தெரியாமல் ஒரு குழந்தை, சோபாவின் கைப்பிடி மேல் குதிரை ஏறி உட்கார்ந்திருந்தது. இவள் வாயைத் திறந்தாள். அவர், கண் சோர்ந்திருக்கிறதே, ஊசி கோக்கச் சிரமமாக இருக்குமே என்றார். பரிசோதனை செய்து கண்ணாடி ஒன்றையும் மாட்டிவிட்டார். சொல்ல வந்ததைச் சொல்லாமல், தேவையே இல்லாத கண்ணாடியோடு வீட்டுக்கு வந்தவளுக்குக் கணவர் நகர்ந்து உட்கார இடம் கொடுத்தார்.

மிச்சம் இருந்தது குளம்பு. அளக்கும்போது லாடம் இருக்கக்கூடாது என்பது விதி. குளம்பை எவ்வளவு சீவலாம் என்பதற்கு யாரும் கோடு போடவில்லை. லாடக்காரர் வந்து நாலு லாடத்தையும் கழற்றினார், சுற்றிலும் வெட்டினார், அரத்தால் தேய்த்தார். விசில் அளந்தாள். பாதி விரல் இறங்கியிருந்தது, பாதி நின்றது. இன்னும் கொஞ்சம் என்றாள் தையல்காரி. அவர் அரத்தைப் பையில் போட்டுக் கட்டினார். காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள்.

"இதுக்கு மேல போனா உயிர்ல படும்மா. எனக்குக் கை வராது" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியைக் கிளப்பினார்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரம். தையல்காரி சிடுமூஞ்சியின் கொட்டடியில் தனியாக இருந்தாள். சாமான் அறையில் ஒரு பழைய அரம் கிடப்பது அவளுக்குத் தெரியும். இன்னும் பாதி விரல் போதும், கால்சட்டை ஓரத்தைப் பிரித்து மடிக்கிற அளவுகூட இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குனிந்து முன்னங்காலைத் தொட்டதும் சிடுமூஞ்சி காலைத் தூக்கிக் கொடுத்தது. லாடக்காரரைச் சுவரோடு அழுத்தின அதே குதிரை. அவளிடம் மட்டும், தொட்டால் போதும், முழு பாரத்தையும் நம்பி மடியில் வைக்கும். அவள் தேய்த்தாள். முன்கால் இரண்டையும் தேய்த்தாள், குளம்பின் அடி இளஞ்சிவப்பாகத் தெரிகிற வரைக்கும் தேய்த்தாள். ஒரு தரம் கால் நடுங்கியது. "இதோ முடிஞ்சுது கண்ணு, முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே இன்னும் நாலு இழுப்பு இழுத்தாள். குதிரை காலைப் பிடுங்கவில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்தாள். தூளை எல்லாம் பெருக்கித் தள்ளி, மரத்தூள் கொட்டி மூடினாள். களவு செய்கிறவளுக்கும் தனக்கும் வித்தியாசமில்லை என்று அவளுக்குத் தெரியும், தெரிந்துதான் பெருக்கினாள். விசிலிடம் சொல்லவில்லை. விசிலோ, போட்டி நாளில் குதிரை தலையைத் தொங்கவிட்டு நின்றால் மிச்சப் பாதி விரலும் இறங்கிவிடும் என்று நம்பியிருந்தாள்.

போட்டி மைதானத்தில் விடிந்ததிலிருந்து கூட்டம். அளவெடுக்கிற கொட்டகை தனியாக ஒரு மூலையில், வழுவழுப்பான சிமெண்டுத் தரையோடு இருந்தது. உள்ளே கால்நடை டாக்டர், வயசானவர், பக்கத்தில் எழுதிக்கொள்ள ஒரு பெண். வெளியே வரிசையில் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும். தையல்காரியைப் பார்த்து ஒரு தாய், உங்கள் பெண் எங்கே என்று கேட்டாள். நான்தான் ஓட்டுகிறேன் என்றாள் இவள். அந்தத் தாய் மரியாதையாகத் தன் சிரிப்பை மென்று முழுங்கினாள்.

வண்டியிலிருந்து கொட்டகைக்குப் புல்தரை வழியாகத்தான் நடத்திக் கூட்டி வந்தாள். புல்லில் ஒன்றும் தெரியவில்லை. சிமெண்டில் கால் வைத்ததும் சிடுமூஞ்சி நின்றது. பாரத்தைப் பின்காலுக்குத் தள்ளி, கழுத்தைத் தொங்கவிட்டு, அசையாமல் நின்றது. டாக்டர் கோலை இறக்கினார். சரியாகக் கோட்டில் நின்றது சட்டம். ஒரு நூல் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. என்ன அடக்கமான குதிரை என்று தட்டிக்கொடுத்தார். விசில் கொட்டகை வாசலில் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் கோத்துக்கொண்டு காட்டினாள். தையல்காரிக்கு நெஞ்சுக்குள் என்னவோ அவிழ்ந்து இறங்கியது. மூணு வருஷம், நாலு வருஷம், இனிக் கவலையில்லை.

"கொஞ்சம் ஓட்டிக் காட்டிடுங்கம்மா. அந்தச் சுவர் வரைக்கும் போய்ட்டு வந்தாப் போதும்" என்றார் டாக்டர். அளந்த குதிரை நொண்டவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்கள். அது வழக்கம்தான், அவளுக்கும் தெரியும். ஆனால் கொட்டகைக்கு உள்ளேயே, இந்தத் தரையிலேயே ஓட்டச் சொல்வார்கள் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கினாள். சிடுமூஞ்சியும் ஓடியது. நொண்டவில்லை. பழைய சிடுமூஞ்சியாக இருந்தால் நின்ற இடத்திலேயே நின்று, இழுத்தவள் கையைக் கடித்திருக்கும். இது ஓடியது. காதுகள் அவள் பக்கம் திரும்பியிருந்தன, கண் அவளையே பார்த்தது. ஒவ்வொரு குளம்பும் தரையைத் தொடுவதற்கு முன்னால் கொஞ்சம் தயங்குவது வேறு யார் கண்ணுக்கும் தெரியாது, வருஷம் பூராவும் அந்தக் கால்களின் மேல் உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியும். ஒவ்வொரு தயக்கமும் அவள் ஈரக்குலையைப் பிடித்து இழுத்தது. சுவர் வந்தது. திரும்பினால் பாதி முடிந்தது. இன்னொரு பாதி ஓடினால் கையெழுத்து.

அவள் திரும்பவில்லை. நின்றுவிட்டாள். குதிரையும் நின்றது.

டாக்டர் என்னம்மா என்று கேட்டார். விசில் வாசலிலிருந்து கையை இறக்கினாள்.

"வேண்டாம் டாக்டர். அவளுக்கு வலிக்குது. நொண்டாம ஓடுறா, ஆனா வலிக்குது. முன்கால் ரெண்டையும் நான்தான் அரத்தால ராவிட்டேன். அளவுக்காக."

எழுதிக்கொண்டிருந்த பெண் பேனாவை நிறுத்தினாள். டாக்டர் வந்து குனிந்து காலைத் தூக்கச் சொன்னார். தையல்காரி முன்னங்காலைத் தொட்டாள். சிடுமூஞ்சி காலைக் கொடுக்கவில்லை. தரையோடு அழுத்தி வைத்துக்கொண்டது. மறுபடி தொட்டாள். அது காதைப் பின்னால் மடித்தது. டாக்டர் அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே பார்த்தார். பார்த்து முடித்து எழுந்து, இத்தனை வயசுக்கு உங்களுக்குப் புத்தி வேண்டாமா என்று கேட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. சான்று கிடையாது, போட்டியும் கிடையாது, இந்தக் குதிரையை வண்டி வரைக்கும் புல்லில் மட்டும் நடத்திக் கூட்டிப் போங்கள் என்றார்.

திரும்பி வரும்போது விசில் வண்டி ஓட்டினாள். லாயத்தில் இறங்கினதும் சொன்னாள், "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்க்கா."

கண்ணாடிக்காரர் மறுநாளே வந்தார். சிரிப்பும் இல்லை, துடைக்கக் கண்ணாடியும் இல்லை. உங்களை நம்பித்தானே விட்டேன் என்றார். அந்த ஒன்றைத் தவிர அவர் சொன்னதெல்லாம் நியாயமான கணக்கு. குளம்பு வளர்ந்தால் உயரமும் வந்துவிடும், உயரம் வந்தால் சான்று இல்லை, சான்று இல்லாவிட்டால் தன் மகளுக்கு இது ஆகாது. கடற்கரைக்காரரிடம் பேசியாகிவிட்டது. ஆனால் நடக்க முடியாத குதிரையை அவர் எப்படி வாங்குவார்? கால் தேறி, லாடம் அடித்த பிறகுதான் வண்டி அனுப்புவார். அதுவரைக்கும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், கெடுத்தவர்கள் நீங்கள்தானே என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, அவள் செய்த பாவம்தான் அவளுக்கு அவகாசம் வாங்கிக் கொடுத்தது. இதை எண்ணி அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அழுதாள். கடையில் ஒரு மாப்பிள்ளைக் கோட்டுக்கு ஓரம் தைத்துக்கொண்டே அழுதாள், வந்த பிள்ளை வீட்டார் தப்பாக நினைத்துக்கொண்டு ஆறுதல் சொன்னார்கள்.

பழைய ஜீன்ஸ் துணியும் கான்வாஸும் வைத்து, உள்ளே பஞ்சடைத்து, குளம்புக்கு இரண்டு பூட்ஸ் தைத்தாள். வாழ்நாளில் அவ்வளவு கவனமாக எதையும் தைத்ததில்லை. ஆனால் போட்டுவிடக் கால் வேண்டுமே. சிடுமூஞ்சி அவளிடம் காலைக் கொடுக்காது. விசிலைக் கூப்பிட்டுத்தான் போடவேண்டியிருந்தது. விசிலுக்குக் கொடுத்தது, லாயத்தைக் கூட்டிப் பெருக்குகிறவளுக்குக் கொடுத்தது, தையல்காரி குனிந்தால் மட்டும் பாறையாக நின்றது. அவள் வற்புறுத்தவில்லை. தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, காலைத் தொட்டுவிட்டு எடுத்துவிடுவாள். தொட்டுவிட்டு எடுத்துவிடுவாள். குதிரையிடம் மன்னிப்புக் கேட்க வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை. ஒரு காலையில், கை பட்டதும், முன்னங்கால் கொஞ்சம் லேசானது. மறுநாள் தரையை விட்டு எழும்பியது. அன்றைக்கு அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு, எழுந்திருக்க மனசில்லாமல், வாடிக்கையாளர் போன் மேல் போன் போடுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவள் எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்கிறாளோ அவ்வளவு சீக்கிரம் குளம்பு வளரும். அவ்வளவு சீக்கிரம் வண்டி வரும். குளம்புக்கு எண்ணெய் தடவும்போது கை தன்னால் தயங்கும். இன்றைக்கு ஒரு நாள் விட்டால் என்ன, என்று ஒரு பேய் காதோரம் கேட்கும். கணவரிடம் இதைச் சொன்னாள். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பழுதை இழுத்தடித்தால் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவன்தான் சாவான் என்றார். அவருடைய அளவுக்கு அது பெரிய பேச்சு. அவள் எண்ணெயை ஒரு நாளும் விடவில்லை.

வெயில் ஏறாத ஒரு காலையில் லாடக்காரர் வந்தார். பூட்ஸைக் கழற்றி, காலைத் திருப்பி, விரலால் தட்டிப் பார்த்தார். அடி கெட்டியாகியிருந்தது. தட்டினபோது குதிரை கண்ணைக்கூட இமைக்கவில்லை. அவர் காலைக் கீழே விட்டுவிட்டு, சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார்.

"வளர்ந்துடுச்சும்மா. ஆனா நான் சொன்னாத்தானே அவங்களுக்குத் தெரியும். இன்னும் ஒரு மாசம் ஆகும்னு சொல்லிடட்டா?"

தையல்காரிக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலிருந்தது. ஒரு மாசம். முப்பது காலை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பொய்கூட அவள் சொல்ல வேண்டியதில்லை. அவர் சொல்வார். சிடுமூஞ்சி கொட்டடிக் கதவுக்கு மேல் தலையை நீட்டி மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கதவின் மேல்விளிம்பைக் கடித்துக் கடித்து மரம் கிண்ணமாகக் குழிந்திருந்தது. போட்டி நாளிலிருந்து அது வெளியே போய் ஓடவில்லை. மற்றக் குதிரைகள் ஓடுகிற சத்தம் வரும்போதெல்லாம் தானும் காலை மாற்றி மாற்றி வைக்கும்.

"அவளை அடைச்சுப் போட்டது போதும்ணே. அடிச்சிருங்க" என்றாள்.

அவர் இன்னொரு தரம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு சுத்தியலை எடுத்தார். அவள் முன்னங்காலைத் தொட்டாள், சிடுமூஞ்சி தூக்கிக் கொடுத்தது. ஆணி இறங்குகிற வரைக்கும் அந்தக் காலை அவளே தாங்கிப் பிடித்திருந்தாள். நாலும் முடிந்ததும் தலைக்கயிற்றை மாட்டி வெளியே கூட்டிப் போனாள். வாசலில் கற்பாவிய பாதை. குதிரை ஒரு கணம் நின்று, கால் வைத்து, தயங்கி, அடுத்த காலையும் வைத்தது. அப்புறம் தயங்கவில்லை. லாடம் கல்லில் டக் டக்கென்று ஒரே சீராக விழுந்தது.

அவள் போனை எடுத்துக் கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டாள். "சார், கால் நல்லாயிடுச்சு. வண்டி அனுப்பச் சொல்லுங்க" என்றாள். அவர் நல்லது, நாளைக்கே சொல்லிவிடுகிறேன் என்றார். போனைப் பையில் போட்டதும் குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். சிடுமூஞ்சிக்குப் பொறுமை இல்லை. புல் தெரிகிற பக்கமாகக் கயிற்றை இழுத்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கயிற்றைத் தளர்த்தி, அதன் பின்னாலேயே போனாள்.